பாலம் கடந்தாலும் பிள்ளைக்குத் தனி இருக்கை

பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாலத்தைப் பேருந்தில் கடந்து, சிங்கப்பூரில் வாடகைக் கார் எடுக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இது. மலேசிய ஓட்டுநர் உரிமம் அங்கும் செல்லும். ஆனால் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு ஏற்ற குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு விலக்கு உண்டு. வாடகைக் காருக்கு இல்லை. நம் நாட்டிலும் 2020 ஜனவரி 1 முதல் குழந்தை இருக்கை கட்டாயம்தான்.

"கொஞ்ச தூரம்தானே, மடியில் வைத்துக்கொள்ளலாம்" என்று நினைப்பது ஆபத்து. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதினால், 10 கிலோ எடையுள்ள பிள்ளையை எந்தத் தாயாலும் கையால் பிடித்து நிறுத்த முடியாது.

காரை முன்பதிவு செய்யும்போதே பிள்ளையின் எடை, உயரத்தைச் சொல்லி இருக்கை கேளுங்கள். பின்பக்கம் பார்த்தபடி அமரும் இருக்கையை, காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் பொருத்தக் கூடாது. பொருத்தியதும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.