ரெண்டு நிமிஷம் எழுந்திருங்க ஸார்!

நாவலூர் பக்கம் பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கொரு சந்தேகம். சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே எத்தனை மூளை விழித்திருக்கும்?

இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் 15 ஆபீஸ்காரர்களை நாலு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது. எழுந்திருக்காத நாளில் மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகம் குறைந்தது. அரை மணிக்கொரு தரம் ரெண்டே நிமிஷம் நடந்த நாளில் குறையவில்லை! 'சேர்த்து வெச்சு நடந்துக்கறேனே' என்கிறீர்களா? ரெண்டு மணிக்கொரு தரம் எட்டு நிமிஷம் நடக்கவிட்டும் பார்த்தார்கள். அந்த அளவுக்குப் பலிக்கவில்லை.

இது ரத்த ஓட்டக் கணக்குதான். பரீட்சை மார்க்கும் புரமோஷனும் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் விடிய விடிய அரியர் பேப்பருக்குப் படிக்கிற தம்பிக்கும் இதில் செலவு ஒன்றுமில்லையே!

வேடிக்கை என்னவென்றால், 2021-ல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு சட்டத்தையே திருத்தினார்கள். நம்ம கஷ்டம் தலைகீழ்.

மேஜையிலிருக்கும் பெரிய வாட்டர் பாட்டிலைத் தூக்கிவிட்டு சின்ன டம்ளர் வையுங்கள். தாகம் எழுப்பிவிடும். மேனேஜர் முறைத்தால்? 'தண்ணி குடிக்கத்தான் ஸார்!'