கல்லில் ஊறிய கொழுப்பு

பிக்காசோ வரைந்த பெண் முகம், கீழே பென்சில் கையெழுத்து, 50 பிரதிகளில் இது எத்தனையாவது என்று ஓர் எண். ‘லித்தோகிராஃப்’ என்று விற்கிறார்கள், நம்பி வாங்கலாமா, வாங்கினால் எப்படிக் காப்பது என்று கேட்கிறார் ஒரு வாசகர். 1946இல் பாரிஸின் முர்லோ அச்சகத்தில் தம் காதலி பிரான்சுவாஸ் ஜீலோவின் முகத்தைப் பிக்காசோ பலமுறை கல்லச்சில் வரைந்தார். பலவற்றில் 50 பிரதிகளே விற்பனைக்கு வந்தன. அதனாலேயே இவற்றுக்குப் போலிகள் உண்டு. கையெழுத்தையும் எண்ணையும் எவரும் எழுதிவிடலாம். மை படிந்திருக்கும் விதமும் காகிதமும்தான் உறுதியான சாட்சிகள்.

கல்லச்சு எனப்படும் லித்தோகிராஃபி முறையைக் கண்டுபிடித்தவர் செனஃபெல்டர். 1790களின் இறுதியில், தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிய பவேரியாக்காரர். வரலாறு இவ்வளவு போதும்.

பழகிய தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஊறிய எண்ணெய் தண்ணீரை அண்டவிடாது. அந்த எண்ணெய் ஒரு முகத்தின் வடிவில் மட்டும் ஊறியிருந்து, மற்ற இடமெல்லாம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டால், மேலே உருட்டும் எண்ணெய் மை முகத்தில் மட்டுமே ஏறும். மாவு ஒட்டக்கூடாத இடத்தில் இங்கே மை ஒட்டவேண்டும் என்பதுதான் வேறுபாடு. புளி போட்டுத் தேய்த்தால் தோசைக்கல்லின் பழக்கம் போய்விடும். அச்சுக் கல்லிலோ வரைந்த கோட்டை டர்பன்டைன் விட்டுத் துடைத்தாலும் உருவம் போகாது. வரையப் பயன்படும் க்ரேயானிலுள்ள கொழுப்பு அமிலம் சுண்ணாம்புக் கல்லின் கால்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத சோப்பாகிவிடுகிறது. கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படிகிறதே, அதே பொருள்தான். வரையாத இடத்தில் அமிலம் கலந்த அரபிப் பிசின் படிந்து ஈரத்தைக் காக்கிறது.

மணல் போட்டு அரைத்த கல்லின் மேடுகளில் மட்டுமே க்ரேயான் படும். அதனால் பத்து மடங்கு லென்ஸில் கன்னத்து நிழல் ரவை சிதறியதுபோல் ஒழுங்கற்றுத் தெரியும். ஆஃப்செட் நகலில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். ஆஃப்செட்டும் அறிவியல்படி லித்தோகிராஃபிதானே என்று வியாபாரி வாதாடலாம். உண்மைதான், ஆகவே அந்தச் சொல் எதையும் நிரூபிப்பதில்லை. ஜெலட்டின் படலத்திலிருந்து எடுக்கும் கொலோடைப் நகலில் வரிசைப் புள்ளிகளே இருக்காது என்பது இன்னும் வலுவான மறுப்பு. லென்ஸ் ஆஃப்செட்டைக் காட்டிக்கொடுக்கும். அதைத் தாண்டி உறுதி வேண்டுமென்றால், முர்லோ தொகுத்த பிக்காசோ கல்லச்சுப் பட்டியலில் உள்ள அளவோடு படத்தை ஒப்பிட்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்து ‘ஆர்ஷ்’ தாளின் நீர்க்குறி தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். நீர்க்குறி பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும் என்பதால், ஃபிரேமுக்காக ஓரத்தை வெட்டுவது சாட்சியையே வெட்டுவதாகும்.

பாதுகாப்பும் காகிதத்தைப் பற்றியதே. கருப்பு மை கரி, வெளிச்சத்தில் மங்காது. ஆர்ஷ் பருத்தித் தாளும் நன்றாகவே நிற்கும். மலிவான மவுண்ட் அட்டையின் அமிலம்தான் அதற்குள் இறங்குகிறது. படத்தைச் சுற்றி, அட்டையின் சாய்வெட்டு விளிம்பை ஒட்டி, டீக்கறை போன்ற பழுப்புக் கோடு ஓடினால் காரணம் அதுவே. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி எல்லாவற்றையும் காக்கும் என்ற விளம்பரத்தை நம்பவேண்டாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தாளைக் கெடுக்கும், அந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போகும். அருங்காட்சியகங்கள் 50 லக்ஸோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரம் அங்கே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். செலோடேப்பின் பசை தாளுக்குள் ஊறி மஞ்சளாகும். கோதுமை ஸ்டார்ச்சுப் பசை தடவிய இரண்டு ஜப்பானியத் தாள் துண்டுகளால் மேலோரத்தைத் தாங்கினால் போதும். லேசாக ஈரம் காட்டினால் அவை கழன்றுவரும்.