ஏரியில் கூடு, வயலில் இரை

சென்னை கோபாலபுரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காரில் கிளம்பினால், ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசல் தொடங்குமுன் வேடந்தாங்கல் போய்விடலாம். டிசம்பர், ஜனவரியில் அங்கு போகிறவர்கள் கரையோரம் நடந்து, கோபுரத்தில் ஏறி, தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் பறவைகள் அடைந்திருப்பதைப் பைனாகுலரில் பார்த்துவிட்டு, சரணாலயத்தைப் பார்த்தாகிவிட்டது என்று திரும்புகிறார்கள். அவர்கள் பார்த்தது ஏரியை மட்டும்தான். அதன் பரப்பு சுமார் 73 ஏக்கர். 1998-ல் அரசு சரணாலயமாக அறிவித்ததோ ஏரியோடு சேர்த்து, அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் வரை உள்ள நிலத்தை. வயலும் சிற்றேரியும் ஊருமாகக் கிட்டத்தட்ட 78 சதுர கிலோமீட்டர். சுற்றியுள்ள இந்த நிலம் போய்விட்டால் 73 ஏக்கரில் எத்தனை மரம் நட்டாலும் பயனில்லை என்பதே என் வாதம்.

நத்தை குத்தி நாரையை எடுத்துக்கொள்வோம். அதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வரும். அலகு நுனியை நத்தை ஓட்டின் மூடிக்குள் செலுத்தி, சதையை அறுத்து இழுத்துத் தின்பதில் அது கெட்டிக்காரப் பறவை. கூடு கட்டுவது ஏரி மரத்தில். நத்தை கிடைப்பது பெரும்பாலும் தண்ணீர் கட்டிய நெல்வயலில். கூழைக்கடாவும் நீர்க்காகமும் அக்கம்பக்கத்து ஏரிகளுக்கு மீன் தேடிப் போகின்றன. ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் பறவைகளின் குஞ்சுகளுக்கு இந்த ஒரு ஏரி மீனும் நத்தையும் எத்தனை நாளைக்குக் காணும்? பறவைகளும் சும்மா தின்றுவிட்டுப் போவதில்லை. மரத்தடித் தண்ணீரில் விழும் எச்சம் மதகு வழியாக வயலுக்கு உரமாகப் பாய்கிறது. இந்த லாபம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டார்கள்; 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1972-ல். அதற்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டவர்கள் உழவர்கள். தங்கள் விளைச்சலுக்காகவே செய்தார்கள் என்பதில் குறை சொல்ல எதுவுமில்லை.

2020-ல் எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு யோசனை வந்தது. எல்லைக்குள் இயங்கும் மருந்துத் தொழிற்சாலையின் விரிவாக்கமும் அப்போது பேச்சில் அடிபட்டது. எதிர்ப்புக்குப் பின் யோசனை கைவிடப்பட்டது. இரண்டு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வட்டத்தின் பரப்புக் கணக்கு வேறு: 78 சதுர கிலோமீட்டர் 28 ஆகச் சுருங்கியிருக்கும், அதாவது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும்.

கூடு இருப்பது ஏரியில்தானே, அதைக் காத்தால் போதாதா என்பார்கள். இரை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே அதற்குப் பதில் கிடைத்துவிடும். இன்னொரு ஆட்சேபம் கனமானது. வட்டத்துக்குள் இருப்பது பெரும்பாலும் பட்டா நிலம். பக்கத்து ஊரில் மனை விலை ஏறும்போது இங்குள்ளவர் மட்டும் நெல்லே போட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? நியாயமான கேள்வி. சரணாலயச் சட்டம் உழவைத் தடுப்பதற்காக வந்ததல்ல. தொழிற்சாலையும் மனைப்பிரிவும் வருவதுதான் தடுக்கப்பட வேண்டியது. ஆனாலும் அந்தத் தடையால் வரும் நஷ்டம் உழவர் தலையில் விழ, பறவை பார்க்கும் சுகம் மட்டும் சென்னைக்காரர்களுக்கு என்பது சரியில்லை. எல்லையைச் சுருக்குவது இதற்குத் தீர்வாகாது. நெல்லுக்குக் கூடுதல் விலை, ஏரி தூர்வாரப் பணம், நுழைவுக் கட்டணத்தில் ஊருக்குப் பங்கு என்று ஈடுகட்டலாம்.

ஓரம் ஓரமாக விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பைமேடும் சாலையும் கட்டடங்களும் வந்த பிறகு, 2007-ல் காப்புக்காடாக அறிவிக்க மிஞ்சியது 317 ஹெக்டேர். 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் வேடந்தாங்கலும் சேர்ந்தது, பள்ளிக்கரணையும் சேர்ந்தது. ராம்சர் கணக்கில் பள்ளிக்கரணையின் பரப்பு 1,247 ஹெக்டேர். அந்த எல்லைக்குள் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்ற வழக்கு இப்போது தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. வேடந்தாங்கலில் அந்தச் சண்டை வருமுன், 5 கிலோமீட்டர் எல்லை எந்தெந்த சர்வே எண் வழியாகப் போகிறது என்று ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் எழுதி ஒட்டிவிடலாம்.