பள்ளி என்ற ஒரு சொல்: சமயங்களும் நம் பண்பாடும்

“சமயங்களும் பண்பாடும்” என்ற பொருளில் இந்த மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டார்கள். அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். மரைன் ஹில்லில் குடியிருக்கும் வியாபாரி. கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு. உலகச் சமயங்களை எல்லாம் ஒரே கட்டுரையில் அடக்குவது கடலை உழக்கால் அளக்கிற வேலை. ஆகவே ஒரே ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சொல் “பள்ளி”.

கல்லில் வெட்டிய படுக்கை

மதுரைக்கு அருகே மாங்குளம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மலைக் குகையில் முனிவர்கள் படுப்பதற்குக் கல்லிலேயே படுக்கை வெட்டியிருக்கிறார்கள். மேலே தமிழ் பிராமி எழுத்தில் கல்வெட்டுகள். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். கணி நந்தன் என்ற சமண முனிவருக்கு, பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலர் செய்து கொடுத்த கொடை அது. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவும் அங்கே கொடை தந்திருக்கிறது. அந்தக் கல்லிலேயே “பள்ளி” என்ற சொல் வருகிறது. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று.

பள்ளி என்றால் முதலில் படுக்கை. பிறகு முனிவர் தங்கும் இடம். முனிவர் தங்கிய இடத்தில் ஊர்ப் பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் கற்றார்கள். அதனால் பள்ளி, பள்ளிக்கூடம் ஆயிற்று என்பது அறிஞர் பலர் சொல்லும் விளக்கம்.

இந்தச் சொல் சமணரோடு நின்றுவிடவில்லை. திருவரங்கத்தில் பெருமாள் “பள்ளி” கொண்டிருக்கிறார். சிவன் கோயிலில் இரவு பூசை “பள்ளியறை”யில் முடிகிறது. கி.பி. 1006 வாக்கில் ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த பௌத்த விகாரத்துக்குச் சைவரான இராசராச சோழன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். அதைச் சொல்லும் லெய்டன் செப்பேடு, விகாரத்தைப் “பள்ளி” என்றும் நிலத்தைப் “பள்ளிச்சந்தம்” என்றும் குறிக்கிறது. முஸ்லிம்கள் தொழும் இடம் பள்ளிவாசல். மலையாளத்தில் மாதா கோயிலுக்கும் பள்ளி என்றுதான் பெயர். ஒரு சொல்லுக்குள் எத்தனை சமயம் குடியிருக்கிறது, பாருங்கள்!

நம் தீவின் சமயங்கள்

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் சமயங்களைப் பற்றிப் படிக்கப் புத்தகமே வேண்டாம். தெருவில் இறங்கினால் போதும். 2011 கணக்கெடுப்பின்படி இந்த யூனியன் பிரதேசத்தில் நூற்றுக்கு 69 பேர் இந்துக்கள், 21 பேர் கிறித்தவர்கள், 8 பேருக்குச் சற்றுக் கூடுதலாக முஸ்லிம்கள். சீக்கியரும் பௌத்தரும் மிகக் குறைவு. எங்கள் ஜைனர் எண்ணிக்கை நூறைக்கூடத் தொடவில்லை.

ஒவ்வொரு சமயமும் இங்கே வந்த வழி வேறு. தமிழர் வெற்றிமலை முருகனோடு வந்தோம். 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பிறகு மாப்பிள்ளை முஸ்லிம்கள் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். மஞ்சேரி, மலப்புறம், கோழிக்கோடு என்ற சொந்த ஊர்ப் பெயர்களை இங்கும் வைத்தார்கள். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் பைபிளோடு மாயாபந்தர் பக்கம் குடியேறினார்கள். கார் நிக்கோபாரில் பிறந்த ஜான் ரிச்சர்ட்சன் விவிலியத்தைத் தம் மக்களின் மொழியில் பெயர்த்தார். முதல் நாடாளுமன்றத்தில் இத்தீவுகளின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். சீக்கிய மருத்துவரும் கவிஞருமான திவான் சிங் ஜப்பானியர் ஆட்சியில் சித்திரவதைப்பட்டு 1944இல் உயிர்விட்டார். அவர் பெயரால் இங்கே குருத்துவாரா இருக்கிறது.

சமயம் கோயிலுக்குள் மட்டும் இருப்பதில்லை என்பதற்கு எங்கள் வீட்டு அடுப்பே சாட்சி. சமணர் பொழுது சாய்ந்த பிறகு உண்பதில்லை. விளக்குத் தேடி வரும் பூச்சிக்கும் தீங்கு வரக்கூடாது என்பது கொள்கை. இந்தத் தீவில் நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அதனால் எங்க வீட்டில் நாலரை மணிக்கே ராச்சாப்பாடு! அகிம்சை என்ற பெரிய தத்துவம் எங்களுக்குக் கடிகார முள்ளாக வந்து நிற்கிறது. ரமலான் மாதத்தில் என் முஸ்லிம் நண்பர்கள் அதே சூரியன் மறைவதற்காகக் காத்திருந்து நோன்பு திறப்பார்கள். சூரியன் ஒன்றுதான், ஒருவருக்கு அது சாப்பாட்டை முடிக்கும் நேரம், மற்றவருக்குத் தொடங்கும் நேரம்.

“என்னங்க, வீட்ல தமிழ்தானே பேசறீங்க, அப்புறம் எப்படி ஜைனர்? சேட்டுங்கதானே ஜைனர்?” என்று கடைக்கு வருகிறவர்கள் இன்றும் கேட்கிறார்கள். கேட்பவர் பையில் பள்ளிப் புத்தகம் இருந்தால், அதில் இருக்கும் இலக்கணத்தைக் காட்டுவேன். எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் நன்னூலை எழுதிய பவணந்தியார் சமணர். செய்யுள் இலக்கணமான யாப்பருங்கலக்காரிகை எழுதிய அமிதசாகரரும் சமணர். அதே நன்னூலுக்கு உரை கண்ட சங்கர நமச்சிவாயரும், அந்த உரையைத் திருத்திய சிவஞான முனிவரும் அழுத்தமான சைவர்கள். வீரசோழியம் செய்த புத்தமித்திரர் பௌத்தர். சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்த கத்தோலிக்கத் துறவி. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் முஸ்லிம். தமிழ்த்தாய்க்கு எந்தப் பிள்ளை எந்தச் சமயம் என்ற கணக்கே இல்லை.

கேட்டதால் பிழைத்த நூல்

உ.வே. சாமிநாதையர் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் ஒரு பகுதியை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அவர் சைவ ஆதீனமான திருவாவடுதுறையில் படித்தவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஏடு கிடைத்தது, தமிழும் தெரியும், ஆனால் பொருள் விளங்கவில்லை. அது சமண நூல். அதிலுள்ள கொள்கைச் சொற்கள் எந்த நிகண்டிலும் அவருக்கு அகப்படவில்லை.

அவர் என்ன செய்தார்? கும்பகோணத்தில் குடியிருந்த சமணர் வீடுகளுக்கு நடந்து போனார். அங்கே சிந்தாமணியை முறையாகப் படித்து முடித்த பூர்த்தி விழா நடந்துகொண்டிருந்தது. உலகம் மறந்துவிட்ட நூல் என்று நினைத்தது, அடுத்த தெருவில் வீட்டு வழக்கமாக உயிரோடு இருந்தது! கேட்டார், அவர்களும் மனங்கோணாமல் சொன்னார்கள். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஐயரின் பண்டை நூற்பதிப்புப் பணி அங்கிருந்துதான் பெருகிற்று.

கேட்க ஆளில்லாததால் போன நூல்

இதற்கு எதிர்ப்பக்கம் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று, பௌத்தருடையது. இன்று சில பாடல்கள்தான் மிச்சம். தமிழ்நாட்டில் பௌத்தக் குடும்பங்கள் அருகிப் போன பிறகு, ஏட்டைப் பெயர்த்தெழுத ஆளில்லை. ஓலை செல்லுக்கு இரையாயிற்று. குண்டலகேசியை மறுப்பதற்காகச் சமணர் எழுதிய நூல் நீலகேசி. அதன் உரையில், மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய செய்திகளால்தான் குண்டலகேசியின் வாதங்கள் பலவும் நமக்குத் தெரிகின்றன. நீலகேசியை 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். வாதாடிய எதிராளி வைத்திருந்த நகல்தான் கடைசியில் சாட்சி ஆயிற்று.

சமயங்கள் எப்போதும் கைகோத்தே நடந்தன என்று எழுதிவிட்டுப் போனால் பொய்யாகும். தமிழகத்தில் சமணரும் பௌத்தரும் தங்களுக்குள் வாதாடினார்கள். சைவ வைணவ எழுச்சியில் இருவருமே தேய்ந்தார்கள். மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியதாகச் சைவ மரபே சொல்கிறது. அது நடந்த நிகழ்ச்சியா, பின்னால் புனைந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் தேவாரத் தமிழைப் படிக்கிறார்கள், படிக்கத்தான் வேண்டும். அழகான தமிழை யார் பாடினால் என்ன?

இங்கே செய்யக்கூடியது

2011 கணக்குப்படி தமிழ்நாட்டிலேயே ஜைனர் சுமார் 89 ஆயிரம் பேர்தான். அதில் வடநாட்டவரைக் கழித்தால் வந்தவாசி, திண்டிவனம், செய்யாறு, ஆரணிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர் இன்னும் குறைவு. மேல்சித்தாமூர் மடம் இருக்கிறது, பொன்னூர் மலை இருக்கிறது. கடல் தாண்டி வந்த எங்கள் பேரப்பிள்ளைகளோ பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். வியாபாரத்தில் இருப்புக் குறைந்தால் கொள்முதல் செய்துகொள்ளலாம். வழக்கம் குறைந்தால் எந்தச் சந்தையில் வாங்குவது?

இது எங்கள் கவலை மட்டும் அல்ல. கரேன் பாட்டிக்குத் தெரிந்த ஜெபமும், மாப்பிள்ளைத் தாத்தாவுக்குத் தெரிந்த பாட்டும், நிக்கோபாரி முதியவருக்குத் தெரிந்த சடங்கும் இதே நிலையில்தான் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நிக்கோபார்த் தீவுகளில் ஊர்களே அழிந்தன. முதியவர்களோடு எத்தனை செய்தி போயிற்றோ!

ஆகவே சங்கத்தின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மற்ற மதத்தை ஏற்க வேண்டாம், புகழவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்குப் போய், “உங்க வீட்ல இந்த நாளுக்கு ஏன் இப்படிச் செய்றீங்க?” என்று கேளுங்கள். பெரியவர்கள் சொல்லுவதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கும்பகோணத்தில் ஒரு சைவர் கேட்டார், சமணர் சொன்னார். தமிழுக்கு ஒரு காப்பியம் மிஞ்சியது.