மாசிப் பனியும் ஒரு மடையானும்

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று என் மாமியார் அடிக்கடி சொல்வார். அது எவ்வளவு நிஜம் என்பதை சென்ற மாசி மாதம் ஒரு விடியற்காலையில்தான் தெரிந்துகொண்டேன்.

வடுவூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் நாத்தனார் வீடு. ஒரு விசேஷத்துக்காகப் போய் இரண்டு நாள் தங்கியிருந்தேன். நாத்தனார் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். "அத்தை, காலையிலே ஏரிக்கு சைக்கிள்ல போகலாமா? நிறைய பறவை வந்திருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, கல்யாணமும் ஆன பிறகு நான் சைக்கிளைத் தொட்டதே இல்லை. முப்பத்தெட்டு வயதில் விழுந்து வைத்தால் ஊர் சிரிக்காதா? "போயிட்டு வாங்க அண்ணி, இருட்டிலே யாரு பாக்கப் போறா?" என்று நாத்தனாரே தைரியம் சொன்னார்.

அரசாங்கம் கொடுத்த புது சைக்கிளை எனக்குத் தந்துவிட்டு, தன் பழைய சைக்கிளில் அவள் முன்னால் போனாள். முதல் பத்து நிமிடம் ஹேண்டில் பாரைப் பிடித்த பிடியில் கை வலித்தது. அப்புறம் கால் தானாகப் பழகிவிட்டது. புடவைத் தலைப்பைத் தலையோடு சுற்றிக்கொண்டும் காது விறைத்தது. சம்பா அறுத்த வயல்களில் உளுந்துச் செடிகள் பனியில் நனைந்து நின்றன.

தஞ்சாவூர் – மன்னார்குடி சாலையில் பஸ்ஸில் போகும்போது வடுவூர் ஏரியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 'ஏதோ கொக்கு' என்று நினைத்ததோடு சரி. அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். இதை 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்களாம். 300 ஏக்கருக்கு மேல் பரப்பு. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்குத் தரும் 'ராம்சார்' அந்தஸ்து 2022-ல் இதற்கும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் உள்ள உதயமார்த்தாண்டபுரத்துக்கும் கிடைத்ததாம். பள்ளிக்கூடத்தில் பசுமைப் படையில் இருப்பதால் அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி.

பனி விலக விலக ஒவ்வொன்றாகக் காட்டினாள். அலகுக்குக் கீழே பை தொங்கும் கூழைக்கடா. வளைந்த மூக்குள்ள வெள்ளை அரிவாள் மூக்கன். அலகு நடுவே இடைவெளி உள்ள நத்தை குத்தி நாரை. அது நம் வயல்களில் உள்ள நத்தைகளைத் தின்று நமக்கு உதவி செய்கிறதாம். தூரத்தில் ஊசிவால் வாத்துகள். அவை சைபீரியா போன்ற வடக்குக் குளிர் தேசங்களிலிருந்து மழைக்காலத்தில் வந்து, கோடைக்கு முன் திரும்பிவிடுமாம். நமக்குக் குளிர்கிற மாசி, அதுகளுக்கு வெயில் காய்கிற காலம்!

மதகுப் பக்கம் வந்தபோது, "அசையாதீங்க அத்தை" என்று கையைப் பிடித்தாள். கலிங்குக் கல்லின் மேல் மண் நிறத்தில் ஒரு மடையான். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கல்லோடு கல்லாக நின்றது. எங்களுக்குக் கால் மரத்துப் போகும்வரை அது அசையவில்லை. திடீரென்று கழுத்து அம்பு மாதிரி நீண்டது. அலகில் ஒரு சின்னக் கெண்டை. விழுங்கிவிட்டு எழும்பியது பாருங்கள், அந்த மண் நிறத்துக்குள்ளிருந்து அப்படி ஒரு வெள்ளை இறக்கை!

"அழகா இருக்குல்ல அத்தை? இதைப் போய் சில பேர் சமைச்சுத் திங்கிறாங்க" என்றாள்.

எனக்கு சுருக்கென்றது. தோழிகளே, அந்தச் சில பேரில் நானும் ஒருத்தி. எங்கள் பக்கத்தில் அறுவடைச் சமயத்தில் வலை போட்டுப் பிடித்து, காலைக் கட்டி, சாலையோரத்தில் விற்பார்கள். என் கணவர் ஆசையாக வாங்கி வருவார். மிளகு தூக்கலாகப் போட்டு வறுப்பேன். இளைப்புக்கு நல்லது என்று மாமியார் சொல்வார். எத்தனை மடையானுக்கு இறகு பிடுங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் அது எப்படிப் பொறுமையாக நின்று தன் வயிற்றுப்பாட்டைப் பார்க்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "நானும் சமைச்சிருக்கேன்டி" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் பனியைவிட உறைத்தது.

ஊர் திரும்பிய பத்தாம் நாள், என் கணவர் இரண்டு மடையான்களோடு வந்தார். "இனிமே என் அடுப்பில இது ஏறாதுங்க" என்றேன். "ஏரியைப் பார்த்துட்டு வந்து புத்தர் ஆயிட்டாளா?" என்று கோபித்துக்கொண்டார். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பது மட்டுமல்ல, விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று நாத்தனார் மகள் சொன்னதைச் சொன்னேன். பதில் இல்லை. கொல்லைக்குக் கொண்டுபோய்க் கட்டை அவிழ்த்தேன். ஒன்று பறந்துவிட்டது. இன்னொன்றுக்கு இறக்கையை முறித்திருந்தார்கள். வாழை மரத்தடியில் தண்ணீர் வைத்தேன். காலையில் செத்துக் கிடந்தது. குழி தோண்டிப் புதைக்கும்போது என் கணவர் வந்து பேசாமல் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் வாங்கி வருவதில்லை. "காசு கொடுத்து வாங்கினதைப் பறக்க விட்டவ" என்று மாமியார் மட்டும் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். சொல்லட்டும். சாலையோர வியாபாரத்தை நிறுத்த என்னால் முடியாது. ஆனால் வாங்கி வருவது யாராக இருந்தாலும், நம் வீட்டு அடுப்பு நம் கையில்தானே இருக்கிறது?

இன்னொரு விஷயம். பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன். ரேஷன் கடைக்கு அதில்தான் போகிறேன். வழியில் வாய்க்கால் மதகில் ஒரு மடையான் நிற்கும். மணி அடிக்காமல் மெதுவாகக் கடந்து போவேன்.

– ஒரு வாசகி, குடவாசல்.