நட்சத்திரம் இல்லாத படத்தில் எதைப் பார்ப்பது?

பெரிய பட நிறுவனத்தின் நெருக்கடியோ நட்சத்திர நடிகரின் தேதியோ குறுக்கிடாமல், இயக்குநர் தான் நினைத்தபடி எடுக்கும் படமே சுயாதீனப் படம். அதில் கைக்கெட்டும் வடிவம் குறும்படம். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். செலவு குறைவு என்பதால் எடுப்பவருக்குத் துணிச்சலும் அதிகம்.

தமிழில் இதற்கு நல்ல வழித்தடம் உண்டு. படத்தொகுப்பாளர் பி. லெனின் 1992இல் இயக்கிய ‘நாக் அவுட்’ குறும்படம் தேசிய விருது பெற்றது. பாலு மகேந்திரா தமிழ்ச் சிறுகதைகளை ‘கதை நேரம்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் சிறு படங்களாக்கினார். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்தவர்களே பின்னர் ‘பீட்சா’ (2012) தந்த கார்த்திக் சுப்புராஜும், ‘சூது கவ்வும்’ (2013) தந்த நலன் குமாரசாமியும். பாலாஜி மோகன் தம் குறும்படமான ‘காதலில் சொதப்புவது எப்படி’யையே 2012இல் முழுநீளப் படமாக்கினார்.

இத்தகைய படங்களைப் பார்த்துப் பழக, தேனி மண்ணில் விளைந்த ஒரு முழுநீளப் படமே நல்ல தொடக்கம். லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018 ஆகஸ்டில் வெளியானது. தயாரிப்பாளர் விஜய் சேதுபதி. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். இசை, கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா.

நாயகன் ரங்கசாமி, மலைத் தோட்டங்களிலிருந்து ஏலக்காய் மூட்டைகளைச் சுமந்து அடிவாரத்துக்கு இறக்கும் கூலித் தொழிலாளி. சொந்தமாகத் துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அதற்காகச் சேர்த்த ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு சிதறும்போது, யாரும் வசனம் பேசி அழவேண்டியதில்லை. அந்தப் பாதையின் செங்குத்தையும் சுமையின் கனத்தையும் படம் பொறுமையாகக் காட்டியிருப்பதால், போனது எத்தனை நாள் உழைப்பு என்பது பார்ப்பவருக்கே புரிகிறது. கடைசியில் ரங்கசாமி, தன் கையைவிட்டுப் போன நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவலாளி ஆகிறான். வளர்ச்சி யாருக்கு என்ற கேள்வியைப் படம் வாய்விட்டுக் கேட்பதில்லை. அவனை அங்கே உட்காரவைப்பதோடு சரி.

குறும்படங்களைப் பார்க்கவும் இதே கண் போதும். முதலில், கதை நடக்கும் இடம் வெறும் பின்னணியா, கதையை நகர்த்துகிறதா என்று கவனிக்கலாம். அடுத்து, மனிதர்கள் செய்யும் வேலை நம்பும்படி இருக்கிறதா என்பது. பின்னணி இசை நின்றபின் என்ன ஒலி கேட்கிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். பத்து நிமிடப் படத்தில் ஒரு காட்சிகூட வீணாக இருக்கக் கூடாது. கடைசி நிமிடத் திருப்பத்தை மட்டும் நம்பி எடுத்த படம் இரண்டாம் முறை பார்க்கையில் வெளுத்துவிடும். நல்ல படம் அப்போதுதான் கூடுதலாகத் திறக்கும்.

தேடுவதும் கடினமில்லை. யூடியூபில் ஏராளமான குறும்படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிடித்த படத்தின் இயக்குநர், ஒளிப்பதிவாளர் பெயரைக் குறித்துக்கொண்டு அவர்களுடைய மற்றப் படங்களைத் தேடினால் அடுத்தடுத்து வழி திறக்கும். விளம்பரப் பலகை வைக்க வசதியில்லாத இப்படங்களுக்குப் பார்த்தவர் சொல்லும் வார்த்தைதான் விளம்பரம். பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள்.