ஒரு கால்வாய், இரண்டு வாரியங்கள்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு மேற்கு எல்லையாக ஓடுவது 17-ஆம் தெருக் கால்வாய். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயலில் அதன் கிழக்குச் சுவர் சரிந்தது, மேற்குச் சுவர் நின்றது. கரைகளைப் பராமரிக்க உள்ளூர் வாரியங்கள் இருந்தன: கிழக்குக் கரை ஆர்லியன்ஸ் வாரியத்துடையது, மேற்குக் கரை கிழக்கு ஜெஃபர்சன் வாரியத்துடையது. நகரின் பல சுவர்கள் உடைந்ததில் ஐந்தில் நான்கு பங்கு ஊர் மூழ்கியது.

சுவரை வடிவமைத்துக் கட்டியது மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் படை. முதல் குற்றம் அங்கேதான். ஆனால் கட்டியதைப் பராமரிப்பது உள்ளூர் வாரியத்தின் வேலை. 1890-இல் கரைகளுக்காகவே தோன்றிய ஆர்லியன்ஸ் வாரியமோ விமான நிலையத்தையும் படகுத் துறைகளையும் நிர்வகித்துக்கொண்டிருந்தது. வருடாந்தரக் கரை ஆய்வு பேருந்துப் பயணமும் மதிய விருந்துமாகக் கழிந்த கதை செனட் விசாரணையில் வெளிவந்தது. வாரிய உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆளுநரின் நியமனம். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வரைப் போல.)

வாரியங்களைச் சீர்திருத்தக் கோரி வீடிழந்த மக்கள் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். அதற்கான முதல் மசோதா தோற்றது. 2006 செப்டம்பரில் மாநிலம் முழுக்க நடந்த வாக்கெடுப்பில் 81 சதவீதம் பேர் சீர்திருத்தத்தை ஆதரித்தார்கள். சிதறிக் கிடந்த வாரியங்கள் கிழக்கு, மேற்கு என இரண்டு ஆணையங்களின் கீழ் வந்தன. அந்தக் கால்வாயின் இரு கரைகளும் ஒரே ஆணையத்தின் பொறுப்பாயின. கிழக்கு ஆணையத்தின் 9 இடங்களில் பெரும்பாலானவை பொறியாளர்களுக்கும் நீரியல் போன்ற துறை வல்லுநர்களுக்கும். தேர்வுக்குழு தரும் பெயர்களிலிருந்துதான் ஆளுநர் நியமிக்க முடியும்.

நல்ல ஏற்பாடு. ஆனால் ஓர் ஓட்டை இருந்தது.

2013-இல் கிழக்கு ஆணையம் 97 எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. கடலலையைத் தணிக்கும் சதுப்பு நிலத்தில் அவை கால்வாய்கள் வெட்டியதால் நிலம் அரிக்கப்பட்டது, அதனால் கரைகளின் பாரம் கூடுகிறது என்பது வாதம். வல்லுநர்கள் துணிந்து பேசியது இங்கேதான். ஆளுநர் பாபி ஜிந்தால் எதிர்த்தார். வழக்கை முன்னின்று நடத்திய வரலாற்றாசிரியர் ஜான் பேரிக்குப் பதவிக்காலம் முடிந்ததும் மறுநியமனம் கிடைக்கவில்லை. 2015-இல் வழக்கும் தள்ளுபடியானது. உள்ளே வருபவரின் தகுதியைச் சட்டம் வரையறுத்தது, அவர் நீடிப்பதை ஆளுநரின் கையிலேயே விட்டுவிட்டது. என் பார்வையில் சீர்திருத்தம் பாதியில் நின்றது இதனால்தான்.

நகரைச் சுற்றிச் சுமார் 1,450 கோடி டாலரில் எழுந்த புதிய அரண் 2021-இல், அதே ஆகஸ்ட் 29-இல் வந்த ஐடா புயலைத் தாங்கியது. ஆனால் அந்த மண் அமிழ்ந்துகொண்டே இருப்பதால் கரையை அவ்வப்போது உயர்த்தியாக வேண்டும். அதற்கான பணத்தை யாரிடம் கேட்பது என்பதுதான் 2013 வழக்கின் கேள்வி.